புது காருக்கு பிபிஎஃப் ஒட்டலாமா, வேண்டாமா? சிங்கப்பூரில் கார் வாங்குபவர்களுக்கு முழு வழிகாட்டி

கார் புக் செய்து, முன்பணம் கட்டி, சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) கிடைத்துவிட்டது என்று சேல்ஸ்மேன் வாட்ஸ்அப்பில் சொன்ன கையோடு அடுத்த கேள்வியும் வரும்: "பிபிஎஃப் போடுறீங்களா? இப்பவே சொன்னா பேக்கேஜ்ல சேர்த்துடலாம்." பிபிஎஃப் என்றால் காரின் பெயிண்டைக் காக்க அதன்மேல் ஒட்டும் தெளிவான ஃபிலிம். லட்சத்தைத் தாண்டிய தொகைக்குக் கையெழுத்துப் போட்ட மயக்கத்தில் இருக்கும் நேரம் அது, இன்னும் நாலாயிரம் ஐயாயிரம் பெரிதாகவே தெரியாது. அதனால்தான் இந்த முடிவை ஷோரூமுக்கு வெளியே, வீட்டில் உட்கார்ந்து எடுங்கள் என்கிறேன்.

என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பிபிஎஃப்பை முதலீடாக நினைத்துப் போடாதீர்கள், விற்கும்போது போட்ட காசு திரும்பி வராது. காரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைய வேண்டும், அதற்குச் செலவழிக்கப் பணமும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு முன்பக்கமும் நாலைந்து சின்ன இடங்களும் போதும். எதுவுமே தேவைப்படாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது

பிபிஎஃப் என்பது டிபியு என்ற பாலியூரித்தேன் வகையில் செய்த, கண்ணாடி மாதிரி தெளிவான ஃபிலிம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் சுழலிகளை மணல் அரிக்காமல் காக்க 3எம் நிறுவனம் செய்த ஃபிலிமிலிருந்து வளர்ந்து வந்தது. இன்று அதே 3எம், எக்ஸ்பெல், சன்டெக், லூமார், ஸ்டெக் என்று பல பெயர்களில் கிடைக்கிறது.

தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). காரின் பெயிண்டோ ப்ரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். அதாவது பெயிண்டைவிடத் தடிமனான ஒன்றை அதன்மேல் ஒட்டுகிறீர்கள், கல் தெறித்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும். செராமிக் கோட்டிங் இதற்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஓரிரு மைக்ரான் கனமுள்ள பூச்சு, தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் போகும், பளபளப்பு கூடும், அதோடு சரி. விளம்பரத்தில் வரும் '9எச் கடினம்' என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தானாக ஆறும் ஃபிலிம் என்று கடையில் செய்து காட்டுவார்கள். பித்தளை பிரஷால் வரவரவென்று தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றினால் கீறல் மறைந்துவிடும். பார்க்க அருமையாகத்தான் இருக்கும், பொய்யும் இல்லை, ஆனால் ஆறுவது மேலடுக்கில் விழுந்த மெல்லிய கீறல் மட்டும். ஃபிலிமை வெட்டிக்கொண்டு போன கீறல் ஆறாது. பக்கத்து கார் கதவு இடித்த பள்ளத்தையும், சாவியால் அழுத்தி இழுத்த கோட்டையும், தூணில் உரசிய பம்பரையும் எந்த ஃபிலிமும் காப்பாற்றாது.

கார் எங்கே தூங்குகிறது?

முடிவில் பாதி இங்கேயே கிடைத்துவிடும். வீவக பலமாடி கார்பார்க்கில் மேல்தளம் தவிர வேறு தளத்தில் நிற்கும் கார், காண்டோவின் நிலத்தடி கார்பார்க்கில் நிற்கும் கார், திறந்தவெளி கார்பார்க்கில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும் கார், இந்த மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

திறந்தவெளி என்றால் முதல் எதிரி மைனாவும் காக்கையும்தான். எச்சம் விழுந்து, நம் ஊர் வெயிலில் பெயிண்ட் சூடேறி, மறுநாள் மதியம் வரை அப்படியே கிடந்தால் கிளியர் கோட்டில் வட்டமாக ஒரு தடம் விழும். துடைத்தாலும் வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் தெரியும். மரப்பால் இன்னொன்று. சீனர்களின் ஏழாம் மாதத்தில் காகிதம் எரித்த சாம்பல் காற்றில் வந்து பானட்டில் படியும், அதை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் நிச்சயம். புளோக்குக்குப் பெயிண்ட் அடிக்கும் சமயத்தில் நகர மன்றம் ஒட்டும் அறிவிப்பைப் படிக்காமல் விட்டால் அது தனிக் கதை. இந்த வகைக் காருக்கு பானட், கூரை, பூட் என்று மேல்நோக்கி இருக்கும் பகுதிகள்தான் அடி வாங்கும், முன்பக்கம் மட்டும் ஒட்டுவது பாதிப் பலன்தான் தரும்.

கூரைக்குக் கீழே நிற்கும் காருக்குப் பறவை பயம் குறைவு, இடப் பயம் அதிகம். இங்கே பார்க்கிங் லாட்டின் அகலத்துக்குக் குறைந்தபட்ச அளவு 2.4 மீட்டர். இன்றைய எஸ்யூவி 1.85 மீட்டர் இருக்கிறது. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் கூட மிஞ்சுவதில்லை. உங்கள் கதவின் விளிம்பு தூணில் படும், குழந்தையை இறக்கும்போது பக்கத்துக் காரில் படும். இதற்கு முழு பிபிஎஃப் தேவையே இல்லை, கதவு விளிம்புக்கு மட்டும் ஒட்டினால் போதும்.

எங்கே ஓடுகிறது, யார் துடைக்கிறார்கள்?

தீவுக்குள் மட்டும் ஓட்டினால் விரைவுச்சாலை வேக வரம்பு 70 முதல் 90 கிலோமீட்டர். சாலைகளும் சுத்தம். கல் தெறிப்பது உண்டு, கட்டுமான இடங்களுக்கு மண் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிக்குப் பின்னால் போனால் கண்டிப்பாக உண்டு, ஆனால் பெரிய பிரச்சினை இல்லை.

துவாஸ் இரண்டாம் இணைப்பையோ உட்லண்ட்ஸ் கடற்பாலத்தையோ அடிக்கடி தாண்டுபவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வரம்பு 110. மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே 90இலிருந்து 110க்குப் போனால் கல்லின் அடி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. தைப்பூசத்துக்கு பத்துமலை, பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை, மாதம் இருமுறை ஜோகூர் பாரு என்று இருப்பவர் காரின் முன்பம்பரையும் பானட் முனையையும் இரண்டு வருடம் கழித்துப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருக்கும். இரவுப் பயணத்தில் அப்பும் பூச்சிகளும் சேர்ந்துகொள்ளும். சோதனைச் சாவடி நெரிசலில் மோட்டார்சைக்கிள்கள் உரசிக்கொண்டு போவதால் சைட் மிரருக்கும் வேலை வரும். இவர்களுக்கு முன்பக்க ஃபிலிம் வேண்டும், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

துடைப்பது யார் என்பதை யாரும் கேட்பதில்லை. உண்மையில் இந்த ஊரில் பெயிண்டைக் கெடுப்பது கல்லைவிடத் துணிதான். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு இரவில் வந்து ஒரே வாளித் தண்ணீரில் வரிசையாகப் பல கார்களைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த வாளியில் முந்தைய காரின் மணல் இருக்கிறது. கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாகக் கோடு தெரிவது இதனால்தான். பெட்ரோல் நிலையத்தில் சுழலும் பிரஷும் இதே வேலையைத்தான் செய்யும். உங்கள் காரை அப்படித்தான் கழுவப்போகிறீர்கள், நிறமும் கறுப்பு அல்லது அடர்நீலம் என்றால் முழு ஃபிலிமுக்கு நியாயம் கூடுகிறது. வெள்ளை, வெள்ளி நிறக் காரில் இந்தக் கோடுகள் தெரிவதே அபூர்வம். இரண்டு வாளி, மைக்ரோஃபைபர் துணி, ஒரு நல்ல ஷாம்பு என்று நீங்களே கழுவத் தயாரென்றால் பல ஆயிரம் வெள்ளி மிச்சம்.

எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்?

நம் காருக்கு சிஓஇ 10 ஆண்டு. அதற்குள் விற்றாலும் சரி, பதிவை ரத்து செய்தாலும் சரி, விலையில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது சிஓஇயில் மிச்சமிருக்கும் காலமும், கட்டிய ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணமும், காரின் வயதும்தான். பதிவை ரத்து செய்யும்போது அரசு திருப்பித் தரும் தொகையில் பெயிண்டுக்கு இடமே இல்லை, பானட்டில் ஆயிரம் புள்ளி இருந்தாலும் அதே தொகைதான். பழைய கார் டீலர் கீறலைக் காட்டிக் கொஞ்சம் குறைப்பார், உண்மை. ஆனால் ஒரு பேனலைத் திரும்பப் பெயிண்ட் செய்ய சில நூறு வெள்ளி போதும், அவரும் அந்தக் கணக்கில்தான் பேரம் பேசுவார்.

பேச்சுக்கு முழுக் காருக்கு 4,500 வெள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் காரை மாற்றினால் ஆண்டுக்கு 900, மாதத்துக்கு 75 வெள்ளி. பல பேருக்கு அது ஒரு மாத சீசன் பார்க்கிங்கோடு ஒப்பிடக்கூடிய தொகை. உங்களுக்கு அந்த 75 வெள்ளி மாதாமாதம் உறுத்துமா என்று யோசியுங்கள். கடன் கணக்கையும் பாருங்கள்: ஓஎம்வி (வரிகள் சேராத இறக்குமதி மதிப்பு) 20,000 வெள்ளிக்குள் என்றால் கார் விலையில் 70 விழுக்காடு, அதற்கு மேல் என்றால் 60 விழுக்காடு வரைதான் கார்க் கடன். மீதியை ரொக்கமாகப் புரட்டி முடித்த மாதத்தில் ஃபிலிமுக்காகக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்று, நான்கு ஆண்டில் கைமாற்றும் பழக்கமுள்ளவர், விலை உயர்ந்த கார், அபூர்வ நிறம் என்றால் மட்டும் மூலப் பெயிண்ட் கெடாமல் இருப்பதற்கு வாங்குபவர் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வாடகைக்கார் ஓட்டுபவர் பின்கதவு கைப்பிடிக் குழிகளுக்கும், பெட்டி தூக்கி வைக்கும் பின்பம்பரின் மேல்பக்கத்துக்கும் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

எந்த இடத்துக்கு எவ்வளவு

கைப்பிடிக் குழியை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கைப்பிடிக்குப் பின்னால் உள்ள அந்தச் சின்னக் கிண்ணத்தில் மோதிரமும் நகமும் வளையலும் பட்டு, ஆறே மாதத்தில் பிறை பிறையாகக் கீறல் விழுந்திருக்கும். காரிலேயே மிகச் சீக்கிரம் கெடும் இடம் அதுதான், ஒட்டுவதற்கு மிக மலிவும் அதுதான். அளவாக வெட்டிய துண்டுகள் ஷாப்பியிலும் லசாடாவிலும் கிடைக்கின்றன, சோப்புத் தண்ணீர் தெளித்து, வைத்து நகர்த்தி, பிளாஸ்டிக் அட்டையால் தண்ணீரைத் தள்ளினால் முடிந்தது. கதவு விளிம்பு, பூட் வாசல் இரண்டையும் இப்படியே செய்யலாம். கை நடுங்குபவர்கள் கடையிலேயே கேட்டால் சின்னத் தொகைக்கு ஒட்டித் தருவார்கள்.

அடுத்த நிலை முன்பக்கம்: முன்பம்பர், பானட், இரண்டு ஃபெண்டர் (முன்சக்கரங்களுக்கு மேலுள்ள பக்கப் பகுதி), சைட் மிரர், ஹெட்லைட். பானட்டுக்குப் பாதி மட்டும் ஒட்டும் திட்டத்துக்குச் சம்மதிக்காதீர்கள். ஃபிலிம் முடியும் இடத்தில் கோடு தெரியும், அங்கே அழுக்கு சேர்ந்து கறுப்பாகும், வெள்ளைக் காரில் கண்ணை உறுத்தும். ஹெட்லைட்டுக்குத் தெளிவான ஃபிலிம் மட்டும், கறுப்புச் சாயம் கலந்தது வேண்டாம், வாகனச் சோதனையில் மாட்டும்.

முழுக் காருக்குப் போவது மேலே சொன்ன ஆபத்துகளெல்லாம் உங்கள் காருக்குப் பொருந்தினால் மட்டும். நிறம் மாற்றும் பிபிஎஃப்பும் இப்போது நிறைய வருகிறது. அதைப் போட்டுக் காரின் நிறம் மாறினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் நிறத்தைப் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று, பேக்கேஜ் தாளில் சோலார் ஃபிலிமும் பிபிஎஃப்பும் ஒரே வரியில் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். சோலார் ஃபிலிம் கண்ணாடிக்கு. முன்கண்ணாடியும் முன்பக்க ஜன்னல்களும் 70 விழுக்காடு, பின்பக்கம் 25 விழுக்காடு வெளிச்சமாவது விட வேண்டும் என்று அதற்குத் தனி விதி இருக்கிறது. நம் வெயிலுக்கு எதற்கு முதலில் காசு போடுவது என்று கேட்டால் சோலார் ஃபிலிமுக்குத்தான் என்பேன்.

கடையில் என்ன கேட்பது

சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பக்கம் ஒரு சனிக்கிழமை சுற்றினால் கடைக்கு ஒரு விலை சொல்வார்கள். விலை வித்தியாசத்துக்குக் காரணம் மூன்று: ஃபிலிம் எது, ஒட்டுபவர் யார், எவ்வளவு பாகத்தைக் கழற்றி ஒட்டுகிறார்கள்.

ஃபிலிம் டிபியுதானா என்று நேராகக் கேளுங்கள். மலிவு விலையில் பிவிசி கலந்த வகைகள் இருக்கின்றன, புதிதில் வித்தியாசம் தெரியாது, வெயிலில் மஞ்சளாகி விறைத்து, கழற்றும்போது துண்டு துண்டாக வரும். பிராண்ட் பெயர் மட்டும் போதாது, அந்த பிராண்டின் எந்த வகை, எத்தனை மைக்ரான், ரோலின் எண் என்ன என்று இன்வாய்ஸில் எழுதச் சொல்லுங்கள். ஒட்டும் நாளில் பெட்டியையும் ரோலையும் பார்க்க வேண்டும் என்று சொன்னால் நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

10 ஆண்டு வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத் தருவது தயாரிப்பாளரா, கடையா? கடை மட்டும் என்றால் அந்தக் கடை இருக்கும் வரைதான் வாரண்டி, இந்தத் தொழிலில் கடைகள் திறப்பதும் மூடுவதும் சகஜம். மஞ்சளாவது, வெடிப்பது, பசை விடுவது மூன்றும் அதில் இருக்கிறதா, ஆண்டுதோறும் கட்டணம் கட்டிச் சோதனைக்கு வந்தால்தான் செல்லுமா, குறைபாடு வந்தால் புது ஃபிலிம் மட்டுமா, ஒட்டுக்கூலியும் சேர்த்தா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலரும் தடுமாறுவார்கள்.

பிறகு, அளவாகக் கணினியில் வெட்டி ஒட்டுகிறார்களா, கார்மேல் விரித்துக் கத்தியால் வெட்டுகிறார்களா என்று கேளுங்கள். கணினி வெட்டில் கத்தி பெயிண்டைத் தொடும் ஆபத்து குறைவு, ஆனால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி தெரியலாம். கைவெட்டில் ஓரத்தை உள்ளே மடித்து அழகாக முடிக்கலாம், அதற்கு நல்ல கை வேண்டும். பார்க்கிங் சென்சார், ரேடார் இருக்கும் இடங்களை எப்படி விடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்ததா என்று கேட்க மறக்க வேண்டாம், 5,000 வெள்ளியில் அது 450 வெள்ளி. முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரைக்கும் சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கையில் எழுத்து இருந்தால்தான் பேச முடியும்.

ஷோரூம் பேக்கேஜை எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒட்டுவது பெரும்பாலும் வெளிக் கடைதான். எந்தக் கடை என்று பெயர் சொல்லாவிட்டால், 'அதை எடுத்துவிட்டு விலையைக் குறைத்துக் கொடுங்கள்' என்று கேளுங்கள்.

கார் கைக்கு வரும் நாள்

வரிசை முக்கியம்: ஃபிலிம் முதலில், செராமிக் பிறகு. ஷோரூமில் இலவசமாகச் செராமிக் பூசித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த வழுக்கல் மேல் ஃபிலிமின் பசை சரியாகப் பிடிக்காது. கழுவி மெழுகு போடவும் வேண்டாம். வண்டியை வாங்கியதும் ஓரிரு நாளிலேயே கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் அதிகச் சூட்டில் சுட்டது, காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் கப்பலில் வரும்போது உரசி, இங்கே வொர்க்‌ஷாப்பில் பெயிண்ட் செய்த பேனல் ஏதாவது இருந்தால் அது நன்றாகக் காய சில வாரம் விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் ஃபிலிமைக் கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். ஒட்டும் முன் பெயிண்ட் தடிமன் அளவியை வைத்து எல்லாப் பேனலையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு கதவு மட்டும் 250 மைக்ரான் காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடித்ததாக இருக்கலாம், கேள்வி ஷோரூமுக்கு.

கோயில் விஷயம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் முன்னாலோ உங்கள் பேட்டைக் கோயிலிலோ பூசை போடுவதை ஃபிலிமுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மஞ்சள் பாலியூரித்தேனில் ஊறிக் கறை விடும், வெயில் படப் படத்தான் மங்கும். பளபளப்பில்லாத மேட் ஃபிலிம் என்றால் இன்னும் மோசம். பிறகுதான் முடியும் என்றால் ஐயரிடம் சொல்லி சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்லலாம், அவர்களுக்கு இது பழகிப்போன கோரிக்கைதான். பெயிண்டில் வைத்தாலும் விபூதியை உலர்வாகத் துடைக்காமல் தண்ணீர் ஊற்றி ஓடவிடுங்கள்.

ஒட்டி முடித்த காரைக் கடை விளக்கிலும் வெளியே வெயிலிலும் பாருங்கள். சின்னச் சின்ன நீர்க்குமிழி இருந்தால் பதற வேண்டாம், ஒன்றிரண்டு வாரத்தில் வற்றிவிடும். வற்றாதவை: உள்ளே சிக்கிய தூசி, மயிர், இழுத்து நீட்டியதால் விழுந்த கோடு, விரல் போல நீளும் காற்றுத் தடம். பானட் ஓரத்தில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள், எங்காவது தூக்கினால் அப்போதே சொல்லுங்கள். கதவைத் திறந்து ஓரப் பெயிண்டில் கத்திக்கோடு இருக்கிறதா என்று டார்ச்சில் பாருங்கள், இதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, இலவச மறுசோதனைக்குத் தேதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம் வரும் வருடங்கள்

முதல் ஒரு வாரம் கழுவாதீர்கள். அதற்குப் பிறகு வாட்டர் ஜெட்டை ஓரங்களுக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள், பிரஷ் சுழலும் கழுவகத்துக்குப் போகாதீர்கள். ஃபிலிம் இருக்கிறதே என்று பறவை எச்சத்தை விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர், ஃபிலிமிலும் தடம் விழும், ஈரத் துணியை மேலே சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இதைத் தெரிவித்துவிட்டு, பேனல் வாரியாக விலை போட்ட இன்வாய்ஸைப் பத்திரமாக வையுங்கள். யாராவது உங்கள் காரை இடித்தால், எதிர்த்தரப்பிடம் கேட்கும் தொகையில் அந்தப் பேனலின் ஃபிலிம் செலவையும் சேர்க்க அதுதான் ஆதாரம். தவறு உங்களுடையது என்றால் சின்னக் கீறலுக்காக என்சிடியை (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) கெடுத்துக்கொள்ள மாட்டீர்கள், புதுத் துண்டை உங்கள் செலவிலேயே ஒட்ட வேண்டிவரும். பழைய பேனலுக்கும் புதியதற்கும் பளபளப்பில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வாரண்டி முடிந்த ஃபிலிமை இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்று வருடக்கணக்கில் விடாதீர்கள். பசை இறுகிவிட்டால் சூடுகாட்டி உரித்தாலும் பிசுக்கு தங்கும், கூலியும் ஏறும். கழற்ற எவ்வளவு ஆகும் என்பதை ஒட்டும் நாளிலேயே கேட்டு இன்வாய்ஸின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழுக் காரையும் உரிக்க ஒரு நாள் வேலையாவது இருக்கிறது, சும்மா செய்து தர மாட்டார்கள்.